கல்லில் எழுதிய பட்டா

இங்கிலாந்தின் வடமேற்கே ஏரி மாவட்டத்தில், ட்ரவுட்பெக் கிராமத்தில், டவுன்எண்ட் என்ற பண்ணை வீடு நிற்கிறது. வெள்ளையடித்த சுவர், ஸ்லேட் கூரை, உருண்டையான புகைபோக்கிகள். 1626-ஐ ஒட்டி எழுந்த இந்த வீட்டில் பிரவுன் குடும்பத்தார் 1940-கள் வரை வாழ்ந்தார்கள். இப்பகுதி வீடுகள் பாறையிலிருந்து தாமாகவே முளைத்தவை போலிருப்பதாகக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் வியந்தார். அழகான மயக்கம்தான், ஆனால் மயக்கம். இவற்றை எழுப்பியது நில உரிமை என்பதே என் கட்சி.

பாறைதான் காரணம் என்றால், அது ஆதிகாலம் முதல் அங்கேயே கிடக்கிறது. இருந்தும் முந்தைய தலைமுறைக் குடியானவர்கள் பெரும்பாலும் வளைந்த மரச் சட்டங்களை நட்டு, நிலைக்காத வீடுகளில்தான் இருந்தார்கள். கல் வீடு லேசான வேலை இல்லை. உள்ளும் புறமும் இரண்டு வரிசைக் கல், நடுவே சில்லு நிரப்பல், இரண்டையும் பிணைக்க இடையிடையே குறுக்கே ஒரு நீளக் கல். உள்ளூர்க் கல் பலகை பலகையாகப் பிளக்குமே தவிர, மூலைக்கு ஏற்ற சதுரத்துக்கு எளிதில் வராது. உருண்டைப் புகைபோக்கிக்கு மூலையே இல்லை! இத்தனை உழைப்பைக் கொட்டுகிறவன், வீடு தன் பேரனுக்குப் போய்ச் சேருமா என்று கேட்காமல் இருப்பானா?

கேட்கக் காரணமும் இருந்தது. ஸ்காட்லாந்து எல்லையில் ஆயுதம் ஏந்தும் கடமைக்கு ஈடாகத்தான் இந்தக் குடிகள் பரம்பரையாக நிலம் வைத்திருந்தார்கள். 1603-இல் இரு நாட்டுக்கும் ஒரே அரசராகிவிட்ட முதலாம் ஜேம்ஸ், எல்லைக் காவலே தேவையில்லாதபோது அந்த உரிமை எதற்கு என்று அதை ஒழிக்கப் பார்த்தார். இதே பகுதியின் கெண்டல் வட்டாரக் குடிகள் விடவில்லை. வழக்கு ‘ஸ்டார் சேம்பர்’ நீதிமன்றம் வரை போய், 1625-இல் பரம்பரை உரிமை உறுதியானது.

அடுத்த ஆண்டே டவுன்எண்டா என்று புருவம் உயர்த்தலாம். நியாயம்தான், ஒரு வீட்டின் தேதியை வைத்து எதையும் நிறுவ முடியாது. நாட்டுப்புற இங்கிலாந்து 1570-க்கும் 1640-க்கும் இடையே புதுப்பித்துக் கட்டப்பட்டது என்று வரலாற்றாசிரியர் ஹாஸ்கின்ஸ் 1953-இல் எழுதியதை, அலைகள் பல, உச்சம் பிந்தையது என்று இன்னொரு ஆய்வாளர் மேச்சின் 1977-இல் மறுத்தார். ஆனால் அந்த மறுப்பு எனக்குத் தோதாகவே இருக்கிறது. ஏரி மாவட்டத்தின் சிறு பண்ணை வீடுகளில் கட்டுமான அலை பெரிதாக எழுந்தது 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், தீர்ப்புக்குப் பிறகு. எல்லையில் அமைதி வந்ததுதான் காரணம் என்பாரும் உண்டு. அமைதி 1603-இலேயே வந்துவிட்டது. உரிமைக்கு ஆபத்தைக் கூட்டிவந்ததும் அதே அமைதிதான். கையில் காசு சேர்ந்ததை நான் மறுக்கவில்லை. உரிமை உறுதியில்லாத நிலத்தில் யாரும் காசைச் சுவராக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

இதற்குச் சாட்சி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இவ்வட்டாரத்துப் பழைய வீடுகளில், அடுப்பை ஒட்டிய சுவரில், மசாலாப் பொருள் நமத்துப் போகாமல் வைக்க ஒரு சின்ன மாடம் இருக்கும். அதன் ஓக் கதவில் பல வீடுகளில் குடும்பப் பெயர், கணவன், மனைவி ஆகிய மூன்றின் முதலெழுத்தோடு ஓர் ஆண்டையும் செதுக்கியிருக்கிறார்கள். வாடகைக்குக் குடியிருக்கிறவன் செய்கிற காரியமா அது? அந்தப் பக்கம் போகிறவர்கள் புகைபோக்கியைப் படம் பிடித்து முடித்ததும், அடுப்போரம் குனிந்து அந்த ஆண்டைப் பாருங்கள். வீட்டுக்கு வீடு அது 1625-க்கு முந்தியதாகவே இருந்தால், என் வாதம் தோற்றது.