திருட்டு முழியும் பொய்காட்டும் கருவியும்

நான் இரண்டாம் படிவத்தில் படித்தபோது வகுப்புப் பணம் நாற்பது ரிங்கிட் காணாமல் போனது. ஆசிரியர் எங்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்து, "நீயா எடுத்தாய்?" என்று மலாய்மொழியில் கேட்டுக்கொண்டே வந்தார். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த எனக்கு மலாய் சரளமாக வராத காலம் அது. என் முறை வந்ததும் உள்ளங்கை வியர்த்தது, நாக்கு ஒட்டிக்கொண்டது. "இல்லை" என்ற ஒரு சொல்லையே திக்கித் திக்கிச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, மேசை இழுப்பறைக்குப் பின்னால் விழுந்து கிடந்த பணம் கிடைத்தது. ஆனால் அந்த இரண்டு நாளும் வகுப்பில் நான்தான் திருடன்.

'திருட்டு முழி' என்று நம்மவர்கள் சொல்வார்கள். குற்றம் செய்தவனை அவன் உடலே காட்டிக்கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை அது. அண்மையில் உளவியல் பாடத்திற்காகப் பாலிகிராப் என்னும் பொய்காட்டும் கருவியைப் பற்றிப் படித்தபோது, அந்த வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது.

1921ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெர்க்லி நகரக் காவல்துறையைச் சேர்ந்த ஜான் லார்சன் இக்கருவியை உருவாக்கினார். கேள்வி கேட்கும்போது மூச்சு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, விரல்களில் சுரக்கும் வியர்வை ஆகியவை எப்படி மாறுகின்றன என்று இன்றைய கருவிகள் பதிவு செய்கின்றன. பொய்க்கென்று தனி அடையாளம் எதுவும் நம் உடலில் கிடையாது. பயம், கோபம், வெட்கம் எல்லாமே கோட்டை மேலே தூக்கும். ஆக, கருவி அளப்பது பதற்றத்தை. அதைப் பொய் என்று முடிவு செய்பவர் மனிதர்.

அமெரிக்க இராணுவத்தில் இரகசியத் தகவல்களைக் கையாள ஒருவருக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும். அனுமதி கேட்கும் எல்லாரும் இக்கருவியின் முன் உட்கார வேண்டியதில்லை. உளவுத்துறை சார்ந்த பணிகளுக்கும் சில சிறப்புத் திட்டங்களுக்கும்தான் பெரும்பாலும் அது கேட்கப்படுகிறது. சோதனையிலும் இரு வகை உண்டு. ஒன்று உளவு, நாசவேலை, இரகசியத்தை வெளியிடுதல், அந்நிய நாட்டினரோடு மறைமுகத் தொடர்பு ஆகியவற்றை மட்டும் கேட்பது. மற்றொன்று போதைப்பொருள், குற்றச்செயல், படிவத்தில் மறைத்த தகவல் என்று சொந்த வாழ்க்கைக்குள்ளும் நுழைவது.

சரி, சோதனையில் தோற்றால் என்ன ஆகும்? அனுமதி அன்றே பறிபோகும் என்று நானும் நினைத்தேன். அப்படியன்று. கருவியின் வரைபடத்தை மட்டுமே காரணமாக வைத்து ஒருவரின் அனுமதியை மறுக்கலாகாது என்பதே பொது விதி. 2017 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்த வழிகாட்டி, கடன், போதைப்பழக்கம், அந்நியத் தொடர்பு, நடத்தை உள்ளிட்ட 13 கூறுகளை வைத்து முழு மனிதரையும் எடைபோடச் சொல்கிறது.

ஆனால் விதி வேறு, நடப்பு வேறு. தோற்றவரை மீண்டும் உட்காரவைப்பார்கள், விசாரணை நீளும். சோதனையில் தேறுவதையே நிபந்தனையாகக் கொண்ட பணி அவர் கையை விட்டுப் போகலாம். எல்லாவற்றிலும் முக்கியமானது, சோதனைக்குப் பின் நடக்கும் உரையாடல். "இந்தக் கேள்விக்கு ஏன் பதறினீர்கள்?" என்று கேட்கும்போது அவர் வாயிலிருந்து வரும் ஒப்புதலே பெரும்பாலும் ஆதாரமாகிறது. கோடு செய்ய முடியாததை வாய் செய்துவிடுகிறது.

இத்தனைக்கும் இக்கருவி உளவாளிகளைப் பிடிக்கிறதா? சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985 முதல் சோவியத் ஒன்றியத்திற்குத் தகவல் விற்றார். 1986, 1991 ஆகிய இரு சோதனைகளிலும் தேறினார், 1994இல்தான் பிடிபட்டார். இராணுவ உளவு அமைப்பில் பணியாற்றிக்கொண்டே கியூபாவிற்கு உளவு பார்த்த அனா மொன்டெஸ், 1994இல் சோதனையில் தேறி, 2001இல் கைதானார்.

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்வுக்குழு 2003இல் வெளியிட்ட நூல் ஒரு கணக்கைக் காட்டுகிறது. 10,000 ஊழியர்களில் 10 பேர் உளவாளிகள் என்று கற்பனை செய்வோம். அவர்களில் 8 பேரைப் பிடிக்கும் அளவுக்குச் சோதனையைக் கடுமையாக்கினால், 1,598 நிரபராதிகளும் கூடவே தோற்பார்கள். இரண்டு உளவாளிகள் அப்போதும் தேறிவிடுவார்கள்!

அமெரிக்க இராணுவ நீதிமன்றமே இக்கருவியின் முடிவைச் சாட்சியமாக ஏற்பதில்லை. விமானப்படை வீரர் ஷெஃபர், தாம் சோதனையில் தேறியதைக் காட்டித் தம்மைக் காத்துக்கொள்ள முயன்றார். அந்தத் தடை செல்லும் என்று உச்சநீதிமன்றம் 1998இல் தீர்ப்பளித்தது. ஆனால் பாதுகாப்பு அனுமதி எவருக்கும் உரிமையன்று என்று அதே நீதிமன்றம் 1988இல் கடற்படை தொடர்பான இன்னொரு வழக்கில் கூறியிருந்தது. ஐயம் எழுந்தால் நாட்டின் பக்கமே முடிவு சாயும். ஆகவே நீதிமன்றம் வாசலிலேயே நிறுத்திவிட்ட கருவி, அலுவலக அறையில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு இருக்கும் பாதுகாப்பு, வெறுமனே சந்தேகிக்கப்பட்டவருக்கு இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சென்ற பருவத்தில் எங்கள் விடுதியில் ஒரு கைப்பேசி காணாமல் போனது. விசாரித்தபோது முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் வார்த்தை வராமல் தடுமாறினார். "முழியைப் பார்" என்று பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார். நான் மறுத்துப் பேசவில்லை. நானும் அவர் முழியைத்தான் பார்த்தேன். கைப்பேசி சலவை அறையில் கிடைத்தது. இரண்டாம் படிவத்தில் அந்த வரிசையில் நின்றவனுக்கே இந்தப் பழக்கம் தொற்றியிருக்கிறது என்றால், கருவியை மட்டும் குறைசொல்லி என்ன பயன்? மறுநாள் அந்தத் தம்பியின் அறைக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அண்ணா" என்றார். அப்போதும் அவர் கை நடுங்கியது.