‘நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க’

தொடர்: வேலைக்குப் போகிறவள் – 12

சென்ற வாரம் 26 வாரப் பேறுகால விடுப்பைப் பற்றி எழுதியிருந்தேன். யாருக்குக் கிடைக்கும், அதற்கு எத்தனை நாள் வேலை பார்த்திருக்க வேண்டும், சம்பளத்தை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று. படித்துவிட்டு எழுதியவர்கள் பலரும் கேட்டது ஒன்றைத்தான்: விடுப்பு இருக்கட்டும், அதுவரைக்கும் அந்த ஆபீஸில் எப்படித் தாக்குப்பிடிப்பது?

நியாயமான கேள்வி. முழுகாமல் இருப்பதைச் சொன்ன நாளுக்கும் விடுப்பில் போகும் நாளுக்கும் நடுவே நான்கைந்து மாதங்கள் கிடக்கின்றன. நான் பேசிப் பார்த்த பெண்களில் பலருக்கு வேலை போனது அந்த மாதங்களில்தான். ஆனால் நிறுவனத்தின் பதிவேட்டைப் புரட்டினால் ஒருவரையும் நீக்கியதாக இருக்காது. எல்லோரும் ‘சொந்தக் காரணங்களுக்காக’ ராஜினாமா செய்திருப்பார்கள்.

“நீ கர்ப்பமா இருக்கே, அதனால வேலையை விட்டுப் போ” என்று இன்றைக்கு எந்த மேலாளரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முதலில் வருவது அக்கறை. “உடம்பைப் பார்த்துக்கோங்க, இந்த பிராஜெக்ட்டை வேற யார்கிட்டயாவது கொடுத்துடறேன்.” கேட்க ஆறுதலாக இருக்கும். அடுத்த மாதம் முக்கியமான கூட்டங்களுக்கு அழைப்பு வராது. அதற்கடுத்து, கையில் வேலையே இல்லை என்று சொல்லி மதிப்பீட்டில் கை வைப்பார்கள். வேலையைப் பிடுங்கியவரே வேலை செய்யவில்லை என்று எழுதுவார்.

துணிக்கடையில் இது வேறு மாதிரி நடக்கும். பில் போடும் இடத்தில் இருந்தவரைப் புடவைப் பிரிவுக்கு மாற்றுவார்கள். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டே, மேல் தட்டிலிருந்து அடுக்கை இறக்கி விரித்துக் காட்டி மறுபடி மடித்து ஏற்ற வேண்டும். பின்னலாடைக் கம்பெனியில் டார்கெட் குறையாது, கழிப்பறைக்குப் போக மட்டும் கணக்கு வைப்பார்கள். சில இடங்களில் ஒரு லைனுக்கு ஒன்றோ இரண்டோ டோக்கன்தான். முன்னால் போனவர் திரும்பி வந்து டோக்கனைக் கொடுத்த பிறகே அடுத்தவர் எழுந்திருக்க முடியும். கர்ப்பிணிக்கு அடிக்கடி சிறுநீர் வரும் என்பது பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அடக்கினால் சிறுநீர்த் தொற்று வரும் என்பதும், அந்தத் தொற்று முற்றினால் குறைமாதப் பிரசவம் வரை போகலாம் என்பதும் மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்த விஷயம். தொற்றுக்குப் பயந்து சரியாகத் தண்ணீர் குடித்தால் டோக்கனுக்கு ஏங்க வேண்டும். டோக்கனுக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தால் தொற்று. இதை நிர்வாகச் சிக்கல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இது வன்முறை.

இதில் மனதை மிகவும் காயப்படுத்துவது பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் வாயிலிருந்து வருகிறது. “நாங்கெல்லாம் வலி வந்து ஆஸ்பத்திரி போறவரைக்கும் மெஷின்ல உக்காந்தவங்கதான்” என்பார் மூத்த சூப்பர்வைசர். அவர் சொல்வது பொய்யல்ல, அவருக்கு யாரும் இரக்கம் காட்டவில்லை. பக்கத்து இருக்கைக்காரரின் கோபத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மாற்று ஆள் போடாமல், விடுப்பில் போகிறவரின் வேலையை மீதிப் பேரின் தலையில் கட்டுவது நிர்வாகம். திட்டு வாங்குவது கர்ப்பிணி. “என் வேலையை யார் பார்க்கப் போறாங்கன்னு முடிவு பண்ணிட்டீங்களா சார்?” என்று எல்லோரும் இருக்கும் கூட்டத்தில் ஒரு முறை கேட்டுவிடுங்கள். பொறுப்பு யாருடையது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது பணக் கணக்கு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ.யில் பதிவானவர்களுக்குப் பேறுகாலச் சம்பளத்தை ஈ.எஸ்.ஐ.யே கொடுக்கிறது. அதற்காகத்தான் மாதாமாதம் முதலாளியிடம் 3.25 சதவீதமும் தொழிலாளியிடம் 0.75 சதவீதமும் வாங்குகிறார்கள். ஆகவே ஈ.எஸ்.ஐ. உள்ள கம்பெனியில் யாராவது “ஆறு மாசம் சும்மா சம்பளம் குடுக்க முடியாதும்மா” என்றால் அது பச்சைப் பொய். அந்தச் சம்பளம் அவர் பெட்டியிலிருந்து போவதே இல்லை.

அந்த வரம்பைத் தாண்டியவர்களின் நிலை வேறு. 2017இல் 12 வார விடுப்பை 26 வாரமாக உயர்த்தியபோது, முழுச் செலவையும் நிறுவனத்தின் தலையிலேயே வைத்தார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 183ஆம் உடன்படிக்கை, இந்தச் செலவைத் தனித்தனி முதலாளியின் மேல் சுமத்தக் கூடாது, காப்பீடு அல்லது பொது நிதி வழியாகவே கொடுக்க வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்திருக்கிறது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம், பெண்ணை வேலைக்கு எடுப்பதையே செலவாகப் பார்க்கும் முதலாளிக்கு ஒரு சாக்கைக் கொடுத்துவிட்டது என்பது என் கருத்து. விடுப்பைக் குறைப்பது இதற்கு வழியல்ல, செலவை எல்லோருமாகப் பகிர்வதே வழி.

இனி, அந்த ராஜினாமாக் கடிதம். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்த பெண் சொன்னது இது. ஐந்தாம் மாதம். மாலையில் ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். உள்ளே மேலாளரும் இருந்தார். மேசைமேல் கடிதம் தயாராக அச்சடித்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தது. பக்கத்தில் மூடி திறந்த பேனா.

“பெர்ஃபாமன்ஸ் சரியில்லைன்னு நாங்க அனுப்பினா அது உங்க ரெக்கார்டுல ஏறிடும். நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க. க்ளீனா போயிடலாம். குழந்தை பிறந்ததும் நாங்களே கூப்பிடுறோம்.”

அவர் அழவில்லை. பாத்ரூம் போய் வருகிறேன் என்று எழுந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, திரும்பிய பிறகு “வீட்ல பேசிட்டுச் சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். தன் இருக்கைக்குப் போய் அந்த இருவருக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதினார். இன்று இத்தனை மணிக்கு இந்த அறையில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள். நான் ஐந்து மாதக் கர்ப்பிணி என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு ராஜினாமா செய்யும் எண்ணமில்லை. என் வேலையில் குறை இருந்தால் எழுத்தில் தெரிவியுங்கள். அவ்வளவுதான். குற்றச்சாட்டோ கோபமோ அதில் இல்லை. பதில் வரவில்லை. இரண்டாவது முறை யாரும் அவரை அந்த அறைக்குக் கூப்பிடவும் இல்லை. முழுச் சம்பளத்தோடு விடுப்பில் போனார். அந்த ஆண்டு ரேட்டிங்கைக் குறைத்துப் பழிதீர்த்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த மின்னஞ்சலுக்கு ஏன் அவ்வளவு பலம்? 1961ஆம் ஆண்டுப் பேறுகாலப் பயன் சட்டம், பேறுகால விடுப்பில் இருக்கும் பெண்ணை நீக்குவதையும், அவருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனைகளை மாற்றுவதையும் தடுக்கிறது. அதற்கு முன்பே, கர்ப்ப காலத்தில் நீக்கினாலும் அவருக்கு வர வேண்டிய பேறுகாலப் பணம் போய்விடாது. பெரிய ஒழுங்கீனம் நிரூபணமானால் மட்டும் விலக்கு. அந்தச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. இந்தப் பாதுகாப்பு அதிலும் இருக்கிறது. ஆனால் இவை எல்லாம் முதலாளி நீக்கினால்தான். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் நீக்கம் என்ற ஒன்று நடக்கவே இல்லை என்றாகிவிடும். அந்தக் கையெழுத்துக்குத்தான் இத்தனை பாடும்.

ஆகவே கர்ப்பத்தைச் சொல்லும்போதே எழுத்தில் சொல்லுங்கள், மருத்துவரின் சான்றோடு. வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் “எங்களுக்குத் தெரியாதே” என்பார்கள். அதற்குப் பிறகு மேலாளர் நேரில் எதைச் சொன்னாலும் அன்றைக்கே ஒரு சிறு மின்னஞ்சலோ வாட்ஸப் செய்தியோ போட்டுவிடுங்கள்: “சார், நாளையிலிருந்து நைட் ஷிப்ட் என்று சொன்னீர்கள், டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார்.” பெண்ணின் ஒப்புதல் இல்லாமல் இரவு வேலை கொடுக்கக் கூடாது என்பது சட்டம். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், முந்தைய ஆண்டுகளின் மதிப்பீடுகள் எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும். கர்ப்பத்துக்கு முன்பு வரை நன்றாக வேலை செய்தவர் திடீரென்று எப்படி மோசமானார் என்ற கேள்விக்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு எச்சரிக்கை: ஆதாரம் என்று நினைத்து வாடிக்கையாளரின் கோப்புகளையோ கம்பெனி ரகசியங்களையோ சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒழுங்கீனம் என்ற ஒரே கதவு திறந்திருக்கிறது என்றேனே, அதன் சாவியை நாமே கொடுத்ததாகிவிடும்.

கடை வேலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2021இல் தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் உட்கார இருக்கை போட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கேரளத்தில் இந்த உரிமை 2018இல் வந்தது. கோழிக்கோட்டின் ‘பெண்கூட்டு’ போன்ற அமைப்புகளின் வழியே துணிக்கடைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடியதன் பலன் அது. இங்கே பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, அதில் உட்கார்ந்தால் கண்காணிப்பாளர் முறைக்கிறார். கர்ப்பிணிக்கு இருக்கை கேட்பதைச் சலுகை கேட்பதாக நினைத்துக் கூச வேண்டாம். நீண்ட நேரம் நிற்க வைக்கும் கடினமான வேலையைப் பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் தரக் கூடாது என்று பெண் கேட்க, 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

அரசு வேலையில் இந்தத் தொல்லை கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அரசு நிறுவனமாக இருந்த ஏர் இந்தியாவில், 1981இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு முடியும்வரை விமானப் பணிப்பெண்ணுக்கு விதி இதுதான்: முதல் கர்ப்பத்தோடு வேலை முடிந்தது. எல்.ஐ.சி.யில் வேலைக்குச் சேரும் பெண்ணிடம் கடைசி மாதவிடாய் எப்போது, எத்தனை முறை கருத்தரித்தீர்கள் என்றெல்லாம் படிவத்தில் கேட்டார்கள். கர்ப்பத்தை மறைத்தார் என்று சொல்லி ஒருவரைத் தகுதிகாண் காலத்திலேயே நீக்க, 1991இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லி, அந்தக் கேள்விகளையும் நீக்கச் சொன்னது. டெல்லி மாநகராட்சியில் தினக்கூலிக்குச் சாலை வேலை பார்த்த பெண்களுக்கும் பேறுகாலச் சம்பளம் உண்டு என்று தீர்ப்பு வந்தது 2000ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பேறுகாலப் பணம் முழுவதும் சேர வேண்டும் என்றது 2023இல் வந்த தீர்ப்பு.

நம் ஊர் வழக்கு ஒன்று. தருமபுரி மாவட்டத்தில் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை. முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு குழந்தைகளும் மணமுறிவுக்குப் பின் தந்தையோடு இருக்கிறார்கள். மறுமணம் செய்துகொண்டு 2021இல் கருவுற்றபோது, இரண்டு குழந்தைகளுக்கு மேல் விடுப்பு இல்லை என்று கல்வித்துறை மறுத்தது. அரசு ஊழியருக்குப் பேறுகால விடுப்பை 12 மாதமாகத் தமிழ்நாடு உயர்த்திய அதே ஆண்டு! உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார், இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு விடுப்பு உண்டு என்று முடித்து வைத்தது. வயிற்றில் இருந்த பிள்ளை அதற்குள் ஓடியாடும் வயதுக்கு வந்திருக்கும். வழக்கு என்றால் இவ்வளவு நாள் ஆகும் என்பதால்தான், அது நீதிமன்றம் வரை போகாமல் அலுவலகத்திலேயே காகிதத்தால் தடுப்பதைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

வீட்டையும் சொல்லாமல் விட முடியாது. “ஒரு வேலைக்காக இவ்வளவு பாடா? விட்டுடு” என்று மாமியாரோ கணவரோ சொல்வது அன்பினாலேயே இருக்கலாம். உடம்பு முடியவில்லை, மருத்துவரும் ஓய்வெடுக்கச் சொல்கிறார் என்றால் வேலையை விடுவதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அதற்கு முன் இருக்கும் வழிகளைப் பாருங்கள். கர்ப்பத்தால் வரும் நோய்க்குச் சான்று கொடுத்தால் கூடுதலாக ஒரு மாதம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பேறுகால விடுப்பில் எட்டு வாரங்களைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். விடுவதென்றாலும் விடுப்பெல்லாம் முடித்து, நீங்கள் தேர்ந்த தேதியில் விடுங்கள். அடுத்தவர் அச்சடித்த தாளில் வேண்டாம்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டேனே என்று எழுதியவர்களுக்கு: நோட்டீஸ் காலம் முடியவில்லை என்றால், நெருக்கடியில் எழுதி வாங்கப்பட்டது, திரும்பப் பெறுகிறேன் என்று இன்றைக்கே மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். எதற்காக, யார் முன்னிலையில் என்பதையும் எழுதுங்கள். நீக்கல் உத்தரவே கையில் வந்திருந்தால், தொழிலாளர் துறையில் உரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்ய 60 நாள் இருக்கிறது. பிரசவ அலைச்சலில் அந்த நாட்கள் ஓடிவிடும், ஆகவே முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். வக்கீல் வைக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், சட்ட உதவி இலவசம். எண் 15100.

(தொடரும்)