இன்னும் வராத பயணிக்காகக் காத்திருக்கும் இருக்கை

செகந்திராபாத்தின் மெட்டுகுடாவில் குடியிருப்பவர் சென்னைக்குப் போக நினைத்தால் இரண்டு விதமான விலைகளைப் பார்ப்பார். சார்மினார் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் டிக்கெட்டை ஒரு மாதம் முன்பு எடுத்தாலும் ஒரு வாரம் முன்பு எடுத்தாலும் கட்டணம் ஒன்றுதான். விமானத்திலோ காலையில் பார்த்த விலை மாலையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பக்கத்து இருக்கைக்காரர் மூவாயிரம் கொடுத்திருப்பார். இவர் ஒன்பதாயிரம் கொடுத்திருப்பார். இருவருக்கும் அதே தண்ணீர் பாட்டில்தான், அதே ஒன்றேகால் மணி நேரம்தான்.

கிளம்பிய விமானத்தின் காலி இருக்கையை மறுநாள் விற்க முடியாது. ஓட்டல் அறையும் அப்படியே. விடிந்தால் அந்த இரவு போனதுதான். அழுகும் சரக்கை விற்கிறவர் பொழுது சாயச் சாய விலையைக் குறைப்பதுதான் உலக வழக்கம். மோண்டா மார்க்கெட்டில் காலை விலைக்கும் கடை கட்டும் நேரத்து விலைக்கும் உள்ள வித்தியாசம் செகந்திராபாத்காரர்கள் அனைவருக்கும் தெரியும். விமானக் கம்பெனி மட்டும் ஏன் கடைசி நேரத்தில் விலையை ஏற்றுகிறது?

வாங்க வருகிறவர்கள் வரும் வரிசைதான் காரணம். ஊர் சுற்றப் போகிறவர் முன்கூட்டியே திட்டமிடுவார்; ஐந்நூறு ரூபாய் கூடினாலும் ரயிலுக்கு மாறிவிடுவார். அலுவலக வேலையாகப் போகிறவர் கடைசி வாரத்தில்தான் வருவார். விலை என்னவானாலும் போயாக வேண்டும். குறைந்த விலைக்காரர் முதலில் வந்து எல்லா இடங்களையும் பிடித்துவிட்டால், அதிக விலைக்காரர் வரும்போது விற்க ஒன்றும் இருக்காது. அப்படியானால் அவருக்காக எத்தனை இருக்கைகளை ஒதுக்கி வைப்பது?

பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தில் இருந்த கென் லிட்டில்வுட் 1972-ல் இதற்கு ஒரு விதி சொன்னார். இத்தனை பெரிய தொழிலைத் திருப்பிப்போட்ட விதி இவ்வளவு எளிமையாக இருப்பதே எனக்கு ஆச்சரியம். எடுத்துக்காட்டாக, ஒருவர் இப்போதே 3,000 ரூபாய்க்கு இருக்கை கேட்கிறார். வைத்திருந்தால் கடைசி வாரத்தில் 9,000-க்குப் போகலாம், போகாமலும் போகலாம். ஒன்பதாயிரம் கொடுப்பவர் வரும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கு மேல் இருந்தால் இருக்கையை வைத்திரு. குறைவு என்றால் இப்போதே விற்றுவிடு. கடைசி வாரத்தில் ஒருவராவது வருவார் என்பது ஏறக்குறைய நிச்சயம். பத்தாவது ஆள் வருவது அவ்வளவு நிச்சயமில்லை. இருபதாவது ஆள் சந்தேகம். இப்படி எண்ணிக்கொண்டே போனால் ஓரிடத்தில் வாய்ப்பு மூன்றில் ஒன்றாகக் குறையும். அதுவரைக்கும் ஒதுக்கீடு, மற்றது விற்பனை. ஆக, இன்று உங்கள் திரையில் தெரியும் விலையைத் தீர்மானிப்பது நீங்கள் அல்ல, எரிபொருள் விலை மட்டும் அல்ல. இன்னும் டிக்கெட் எடுக்காத, தான் பயணம் போகப்போவதே இன்னும் அறியாத ஒருவரைப் பற்றிய ஊகம் அது.

1978-ல் அமெரிக்காவில் கட்டணக் கட்டுப்பாடு நீங்கியது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற மலிவுக் கம்பெனி பெரிய நிறுவனங்களைக் கலங்கடித்தது. 1985-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இந்தக் கணக்கைக் கணினியில் ஏற்றி, அதே மலிவு விலையில் அளவாகச் சில இருக்கைகளை மட்டும் விற்றது. இரண்டே ஆண்டுகளில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் வேறொரு கம்பெனிக்குள் கரைந்தது.

ஓவர்புக்கிங்கும் இதே குடும்பத்துக் கணக்கு. 180 இருக்கைகள், டிக்கெட் எடுத்தவர்களில் நூற்றுக்கு 95 பேர்தான் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். 180 டிக்கெட் விற்றால் சராசரியாக ஒன்பது இடம் காலியாகப் பறக்கும். 186 விற்றால் பத்தில் ஒன்பது முறைக்கு மேல் எல்லோருக்கும் இடம் கிடைத்துவிடும். மிஞ்சிய முறைகளில் யாரோ ஒருவரைத் தடுத்து நிறுத்தவேண்டி வரும். அப்போது ஒரு மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தரவில்லை என்றால் 10,000 அல்லது 20,000 ரூபாய் உச்சவரம்புக்கு உட்பட்டு இழப்பீடு தரவேண்டும் என்று 2016-ல் இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விதி செய்தது. கேட்டு வாங்குங்கள்.

ஓட்டலில் கணக்கு இன்னும் சிக்கல். ஹைடெக் சிட்டியில் ஒரு கருத்தரங்கு. புதன் இரவு எல்லா அறைகளும் ஒரு நாள் விருந்தினர்களுக்குப் போய்விட்டன. செவ்வாய் முதல் வெள்ளி வரை தங்க வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டும்; செவ்வாயும் வியாழனும் காலியாகக் கிடக்கும். முகூர்த்த நாளில் இரண்டு இரவாவது எடுத்தால்தான் அறை என்று சொல்வதன் பின்னணி இதுதான்.

நம் ஊருக்கு இதெல்லாம் தாமதமாகத்தான் வந்தது. மெட்டுகுடாவுக்கு மேற்கே சில கிலோமீட்டரில் உள்ள பேகம்பேட்டிலிருந்து பறந்த டெக்கான் ஏர்வேஸ் 1953-ல் நாட்டுடைமையானது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உள்நாட்டு வானம் அரசு கையில். 2003-ல் ஏர் டெக்கான் வந்தது. பிறகு ஒரு ரூபாய் டிக்கெட். காலியாகவே பறக்கப்போகும் இருக்கைக்கு வரி நீங்கலாக ஒரு ரூபாய் கிடைத்தாலும் லாபமே. 2008 மார்ச்சில் ஹைதராபாத் விமானங்கள் ஷம்ஷாபாத்தின் புதிய விமான நிலையத்துக்கு மாறின. 2023-24-ல் அங்கே பயணிகள் இரண்டரைக் கோடியைத் தொட்டார்கள். ரயில்வேயும் 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் ஒவ்வொரு பத்து சதவீத இடம் விற்றதும் கட்டணத்தைப் பத்து சதவீதம் உயர்த்தத் தொடங்கியது. அதில் ஊகம் ஏதும் இல்லை. விற்பனைக்குத் தக்க ஏற்றம், அவ்வளவே.

லிட்டில்வுட்டின் விதியில் கணிதப் பிழை கிடையாது. ஆனால் தாமதமாக வருகிறவர் வசதியானவர் என்று வைத்துக்கொண்டே அதைப் பயன்படுத்துகிறார்கள். சென்னையில் தகப்பனார் இறந்த செய்தி கேட்டு இரவு பத்து மணிக்கு டிக்கெட் தேடும் மகளும், மறுநாள் கூட்டத்துக்குப் போகும் அதிகாரியும் அந்தக் கணினிக்கு ஒரே ஆள்தான். இதை என்னால் சரி என்று ஏற்க முடியவில்லை.

வேறு வழி இல்லாமலும் இல்லை. ரயில்வேயில் எமர்ஜென்சி கோட்டா என்று ஒன்று உண்டு. மெட்டுகுடா, லாலாகுடா ரயில்வே குடும்பங்களுக்குப் பழகிய பெயர். பின்னால் வருபவருக்காக இடத்தை நிறுத்திவைக்கும் அதே உத்திதான் இதுவும். ஆனால் இங்கே கேட்கப்படுவது பணம் அல்ல, அவசரம்: மரணம், நோய், நேர்முகத் தேர்வு. அமைச்சர்களும் எம்.பி.க்களும் முந்திக்கொள்கிறார்கள் என்ற குறை நியாயமானதே. அதற்காக அந்த யோசனையே தவறாகிவிடாது. விமானத்திலும் இடம் ஒதுக்க முடியும் என்று, சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் அரசின் உடான் திட்டம் காட்டியது. 2017 ஏப்ரல் 27 அன்று கடப்பாவிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்த விமானத்தில், குறிப்பிட்ட எண்ணிக்கை இருக்கைகளுக்கு ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சுமார் 2,500 ரூபாய்தான் உச்சவரம்பு. இழப்பை அரசு ஈடுகட்டியது.

180 இருக்கையில் இரண்டை, சான்று காட்டுகிறவருக்கு 3,000 ரூபாய்க்கே தருவதாக வைத்துக்கொள்வோம். அதற்காக 9,000 கொடுக்கும் இருவரை இழந்தால்கூட, போவது 12,000 ரூபாய். மற்ற 178 பேருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு 67 ரூபாய்.