காத்திருக்கும் கட்டளைகள்

நுழையும்முன்

நேற்று இயங்கிய நிரல் இன்று இயங்க மறுக்கிறது. அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எனின், பிழை எங்கே ஒளிந்துள்ளது?

பயனர் நிரல்

வலைப்பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியை 1995இல் பிரெண்டன் ஐக் உருவாக்கினார். பிறர் வடிவமைத்த பக்கத்தையும் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளப் பயனர் எழுதும் சிறுநிரல் பயனர் நிரல் எனப்படும். இதனைப் பரவலாக்கியது, ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கென ஆரன் பூட்மன் 2004இல் உருவாக்கிய கிரீஸ்மங்கி என்னும் நீட்சியாகும்.

வரிசையும் முறையும்

ஒரு பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு நேரத்தில் ஒரு பணியையே செய்யும். 'செட் டைம்அவுட்' என்னும் நேரங்காட்டிக் கட்டளையில் 1000 மில்லிநொடி எனக் குறித்தால், செயற்கூறு சரியாக ஒரு நொடியில் இயங்கும் எனப் பலர் கருதுவர். உண்மையில், அந்நேரம் கழிந்தபின் அது வரிசையில் சேரும். நடைபெறும் பணி முடிந்த பின்னரே அதன் முறை வரும். சுழியம் எனக் குறித்தாலும் விதி இதுவே. எனவே, குறிக்கும் எண் குறைந்தஅளவுக் காத்திருப்பை மட்டுமே உணர்த்தும்.

பிழைகளும் திருத்தமும்

செயற்கூற்றின் பெயரை மட்டும் தரவேண்டிய இடத்தில் அடைப்புக்குறிகளையும் சேர்த்தெழுதினால், அது காத்திராமல் உடனே இயங்கிவிடும்.

பெயரை மேற்கோள் குறிக்குள் சரமாகத் தருவது மற்றொரு பிழை. நேரம் வந்ததும் அச்சரம் பக்கத்தின் பொதுவெளியில் இயக்கப்படும். பயனர் நிரலின் செயற்கூறோ தனக்குரிய தனிவெளியில் இருக்கும். அதனால், கண்ணெதிரே எழுதப்பட்டுள்ள பெயரையே 'வரையறுக்கப்படவில்லை' என உலாவி அறிவிக்கும். சரத்தை நீக்கிச் செயற்கூற்றையே தருதல் இதற்குத் தீர்வாகும்.

மூன்றாவது பிழை நுட்பமானது. பக்கத்தில் ஒரு பொத்தான் தோன்ற இரண்டு நொடி ஆகும் எனக் கணித்து நிரல் எழுதப்படுகிறது. இணைய வேகம் குறைந்த நாளில் பொத்தான் தோன்றுமுன்பே நிரல் அதனைத் தேடித் தோற்கிறது. இரண்டை ஐந்தாக்கினால் பிழை மறையுமேயன்றி நீங்காது. கட்டளை இட்ட நேரத்தையும் செயற்கூறு தொடங்கிய நேரத்தையும் அப்போது பொத்தான் இருந்ததா என்பதையும் பதிவுசெய்து ஒப்பிட்டால் காரணம் விளங்கும். பக்கத்தில் நிகழும் மாற்றத்தைக் கவனித்துச் சொல்லும் 'மியூட்டேஷன் அப்சர்வர்' என்னும் வசதியைப் பயன்படுத்தினால், பொத்தான் தோன்றிய பின்னரே நிரல் செயற்படும்.

கடிகாரத்தை நம்பிக் காத்திருப்பது ஊகம். நிகழ்வை அறிந்து செயற்படுவது தெளிவு. இவ்வேறுபாட்டை உணர்ந்தவரே பிழையின் வேரைக் களைவர்.