சிவப்பழகு கிரீம்களில் இருப்பது என்ன?

கடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் நிபந்தனைகளை முழுமையாகப் படித்துப் பாருங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் கூறுவது எங்கள் அன்றாடப் பணி. அதே கவனம், நம் வீட்டுக் கண்ணாடியின் முன் இருக்கும் சிவப்பழகு கிரீமை வாங்கும்போதும் தேவை.

தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து தோலைக் காப்பதும் அதுவே. டைரோசினேஸ் என்ற நொதி அந்நிறமி உருவாக உதவுகிறது. நிறத்தைக் குறைக்கும் பொருள்களில் பல, இந்நொதியைத் தடுப்பவை. எதைக் கொண்டு தடுக்கின்றன என்பதே கவனிக்க வேண்டியது.

பாதரசம்

இதுவே மிகவும் ஆபத்தானது. தோல் வழியாக உடலில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது. கேரளத்தின் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 15 பேரிடம் அந்நோயின் அரிய வடிவம் காணப்பட்டது. அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள். கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோர் நலமடைந்தனர். கால் வீக்கமும் சிறுநீரில் நுரையும் இந்நோயின் அறிகுறிகள். நம் நாட்டு விதிகளின்படி, முகக் கிரீமில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூட 10 லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

ஹைட்ரோகுயினோன்

மங்கு போன்ற கருமைக்கு, தோல் மருத்துவர் குறிப்பிட்ட காலத்திற்கு மட்டும் பரிந்துரைக்கும் மருந்து இது. நீண்ட காலம் பூசினால் தோலில் நீலங்கலந்த கருமை படியக்கூடும். அதனை நீக்குவது கடினம்.

ஸ்டீராய்டுகள்

குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் முதலியவை இவ்வகை. முதல் சில வாரங்களில் முகம் பளிச்சிடும். பின்னர் தோல் மெலிந்து சிவக்கும். பருக்களும் தேவையற்ற முடியும் தோன்றும். நிறுத்தினால் எரிச்சல் மிகுவதால் மீண்டும் பூசத் தோன்றும். வட்டி கட்டுவதற்காகப் புதுக்கடன் வாங்குவதைப் போன்றது இது. இத்தகைய 14 மேற்பூச்சு மருந்துகளை மருத்துவரின் சீட்டின்றி விற்பதற்கு மத்திய அரசு 2018-இல் தடை விதித்தது. ஏற்கெனவே பூசி வருபவர்கள் தாமாக நிறுத்தாமல் தோல் மருத்துவரை அணுகுதல் நலம்.

பாதுகாப்பானவை

நியாசினமைடு, வைட்டமின் சி, அசிலாயிக் அமிலம் ஆகியவை ஒப்பீட்டளவில் தீங்கற்றவை. கோஜிக் அமிலம் சிலருக்கு ஒவ்வாமை தரலாம். இவை கரும்புள்ளிகளை மங்கச் செய்யலாம்; பிறவி நிறத்தை மாற்றமாட்டா.

வாங்கும்போது

உட்பொருள் பட்டியல், உற்பத்தியாளர் முகவரி, உரிம எண், காலாவதி நாள் ஆகியவற்றைப் பாருங்கள். வெளிநாட்டுப் பொருளாயின் இறக்குமதியாளர் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருத்தல் வேண்டும். மெர்குரி, காலோமெல் என்ற பெயர்கள் இருந்தாலும், பட்டியலே இல்லாவிட்டாலும் வாங்காதீர்கள். ரசீது பெறத் தவறாதீர்கள்.

பாதரசம் கலந்த சில கிரீம்களின் உறையில், தங்க, வெள்ளி நகைகளின்மேல் படாமல் பூசுமாறு எச்சரிக்கை இருப்பதுண்டு. பாதரசம் தங்கத்துடன் கலந்து அதனை வெளுக்கச் செய்யும் என்பதே காரணம். நகைக்கடன் வழங்கும் எங்களுக்குத் தங்கத்தின் மதிப்பு நன்கு தெரியும். நகைக்கே ஆகாத ஒன்று, நம் பிள்ளைகளின் முகத்திற்கு எப்படி ஆகும்?