கல்லூரியில் ‘உதவாத பாடம்’ என்று ஒன்று உண்டா?

கல்லூரியில் பி.காம்., பி.எஸ்சி. படிக்கும் நம் பிள்ளைகளுக்கு முதன்மைப் பாடத்தோடு மதிப்புக் கல்வி, மனித உரிமை போன்ற பாடங்களும் வருகின்றன. பி.எட். படிப்பில் நாடகமும் கலையும் உண்டு. “வேலைக்கு உதவாத இதற்கு எதற்கு நேரம்?” என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள்.

இதற்கான பதிலில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. திருத்தணியில் 1888-ல் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில், 1948-ல் மத்திய அரசு பல்கலைக்கழகக் கல்விக் குழுவை அமைத்தது. டாக்டர் ஜாகிர் உசேன் அதில் ஓர் உறுப்பினர். பின்னாளில் இருவரும் அடுத்தடுத்து குடியரசுத் தலைவர் ஆனார்கள். தொழிலுக்கான படிப்பு மட்டும் போதாது, இலக்கியம், கலை, சமூக அறிவு சேர்ந்த பொதுக் கல்வியும் எல்லா மாணவர்களுக்கும் வேண்டும் என்று அக்குழு 1949-ல் பரிந்துரைத்தது. புத்தர், இயேசு, நபிகள் நாயகம் (ஸல்), கபீர், குருநானக் போன்றோரின் வரலாற்றை முதலாண்டில் கற்பிக்கவும் சொன்னது.

கலைக்கும் குடியுரிமைக்கும் என்ன தொடர்பு? நம் அரசியலமைப்பின் மூலப் பிரதியை ஓவியர் நந்தலால் போஸும் அவருடைய மாணவர்களும் ஓவியங்களால் அழகுபடுத்தினார்கள். அதில் புத்தரும் இருக்கிறார், அக்பரும் திப்பு சுல்தானும் இருக்கிறார்கள். இந்த நாடு யாருடையது என்பதை அந்தப் படங்களே சொல்லிவிடுகின்றன.

மனித உரிமைப் பாடத்தில் நம் குடும்பங்கள் கட்டாயம் அறிய வேண்டியவை:

• பிரிவு 29(2): அரசு நடத்தும், அரசு உதவி பெறும் கல்வி நிறுவனங்களில் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாது.

• பிரிவு 28(3): அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற நிறுவனத்தில், சம்மதமின்றி யாரையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது. வயதுவராத பிள்ளை என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

• பிரிவு 30(1): சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்தலாம்.

இரண்டாவது பிரிவு முஸ்லிம்கள் நடத்தும் பள்ளி, கல்லூரிகளுக்கும் பொருந்தும். அங்கே படிக்கும் பிற சமயப் பிள்ளைக்கும் அதே பாதுகாப்பு உண்டு. நமக்குக் கேட்பதை அடுத்தவருக்கும் கொடுப்பதுதான் குடிமைப் பண்பு.

உரிமை மறுக்கப்பட்டால் கோபத்தில் பிள்ளையின் படிப்பை நிறுத்திவிட வேண்டாம். பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு முதல்வருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்தை அணுகலாம். அந்த மனுவை எழுதும் தெளிவை உங்கள் மகளுக்கும் மகனுக்கும் தருவது அந்த ‘உதவாத பாடம்’தான்.