தேனீயின் குடலில் வாழும் துணைவர்கள்

சிவகிரி வட்டாரத்திலும் அடுத்துள்ள புளியங்குடியிலும் எலுமிச்சை பயிரிடும் விவசாயிகள் சொறிநோயை நன்கறிவர். இலையிலும் காயிலும் சொரசொரப்பான புள்ளிகள் தோன்றி, காயின் விலையைக் குறைத்துவிடும். இது பாக்டீரியாவால் வருவதாதலால், ஸ்டிரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் கலந்த பொடியை நீரில் கரைத்துத் தெளிக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஸ்டிரெப்டோமைசின் 1943-இல் கண்டுபிடிக்கப்பட்டு, காசநோயாளிகள் பலரைக் காத்த மருந்தாகும்.

ஆயினும் இம்மருந்துகள் தீய பாக்டீரியா எது, நல்லது எது என்று பகுத்தறிவதில்லை. மருந்து தெளித்த பூவில் தேனருந்தும் தேனீயின் உடலுக்குள்ளும் அவை செல்லக்கூடும். தேனீயின் குடலில் ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது வகை பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. புதிதாய் வெளிவரும் தேனீயிடம் இவை அநேகமாக இல்லை; சில நாட்களில் கூட்டிலுள்ள மூத்த தேனீக்களிடமிருந்து பெறுகிறது. மகரந்தத்தைச் செரிக்க உதவுவதும், நோய்க்கிருமிகளைத் தடுப்பதும் இவற்றின் பணிகள்.

அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் தேனீக்களுக்கு ஐந்து நாட்கள் டெட்ராசைக்ளின் கலந்த சர்க்கரைப் பாகு கொடுத்து, அடையாளமிட்டுக் கூட்டில் விட்டனர். மூன்று நாட்களுக்குப் பின், மருந்துண்ணாத தேனீக்களில் மூன்றில் இரு பங்கு எஞ்சியிருக்க, மருந்துண்டவற்றில் ஒரு பங்கே எஞ்சியது. குடல் பாக்டீரியாக்களும் பெரிதும் குறைந்திருந்தன. இம்முடிவு 2017-இல் வெளியாயிற்று. தேனீயின் உறவான பம்பிள் தேனீக்கள், ஸ்டிரெப்டோமைசினை உண்டபின் நிறங்களை நினைவிற்கொள்வதில் பின்தங்கின என்று 2022-இல் மற்றோர் ஆய்வு காட்டிற்று. வழி மறந்த தேனீயால் பூவுக்கும் பயனில்லை, கூட்டுக்கும் பயனில்லை.

இம்மருந்துகளுக்கு அஞ்சாத கிருமிகள் பெருகினால் மனிதரின் சிகிச்சைக்கும் கேடு. இவ்விரண்டையும் வேளாண்மையில் தடை செய்யும் வரைவு ஆணையை மத்திய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்டது.

அவ்வாறாயின் சொறிநோய்க்கு என் செய்வது? நோயுற்ற கிளைகளை மழைக்காலத்திற்கு முன்பே கவாத்து செய்து எரித்துவிட வேண்டும். இலைத்துளைப்பான் புழு உண்டாக்கும் காயங்களின் வழியே நோய் எளிதில் புகுவதால், அப்புழுவை வேப்பங்கொட்டைச் சாறு கொண்டு அடக்க வேண்டும். ஒரு சத போர்டோக் கலவையோ வேறு தாமிர மருந்தோ தெளிக்கலாம். பூக்கும் காலத்தில் எதனையும் தெளிக்காதிருத்தல் நலம். தெளித்தே தீரவேண்டுமாயின், தேனீக்கள் கூடடைந்த மாலை வேளையே ஏற்றது.

மருந்து வாங்குமுன் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறியுங்கள். கூலி கேளாமல் நம் தோட்டத்தில் உழைக்கும் தேனீயையும், அதன் குடலில் உழைக்கும் துணைவர்களையும் காப்பது நம் விளைச்சலைக் காப்பதேயாகும்.